நெடும் பயணத்தில் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை

(ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில், பள்ளி விடுமுறைக்கு முன்னர் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்பையும் பாராமல் இம்மண்டபத்தில் கூடியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் பொறுமையை நெடுநேரம் சோதிக்க மாட்டோம்.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. உங்களுள் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரில் வாழும் உற்றார் உறவினரைக் காணச் செல்வீர்கள். சிராங்கூன் சாலையில் துணிமணி எடுப்பதற்கும், வீரமாகாளியம்மன் கோயிலில் வழிபடுவதற்கும் செல்வோரும் உண்டு. கடப்பிதழ், மாற்றுடை, பலகாரம் ஆகியவற்றை எல்லாம் மறவாமல் எடுத்து வைக்கிறோம். வழியில் பிள்ளை என்ன செய்யும் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

பாலமும் காத்திருப்பும்

மேற்கு ஜொகூரிலிருந்து செல்வோர் பலரும் இன்று துவாஸ் வழியை நாடுகின்றனர். 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலம், நம் பக்கத்துத் தஞ்சோங் குப்பாங்கையும் சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாசையும் இணைக்கிறது. அதன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவே. தடையின்றி ஓடும் வண்டிக்கு அது சில நிமிட வழி. ஆயினும் பண்டிகை நாள்களில் அச்சிறு வழியைக் கடக்க மணிக்கணக்கில் ஆகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். நம் பக்கத்துச் சுல்தான் அபு பக்கர் வளாகத்தில் ஒரு சோதனை. பாலத்தைக் கடந்ததும் துவாஸ் சோதனைச்சாவடியில் மற்றொரு சோதனை. இதற்காக எவரையும் குறைகூற வேண்டுவதில்லை. ஊரே ஒரு நாளில் ஒரு வழியில் புறப்பட்டால் நேரம் ஆகத்தான் செய்யும்.

இன்று ஆலைகளும் துறைமுகமும் நிறைந்து விளங்கும் துவாஸ், முன்னாளில் ஒரு மீனவ ஊர். அப்பெயரே ஒரு மலாய் மீன்பிடி முறையிலிருந்து வந்தது என்பர். தென்னை ஓலைகளையும் மரக்கிளைகளையும் ஆழமற்ற நீரில் இட்டு நிழல் உண்டாக்குவார்களாம். நிழலை நாடி மீன்கள் தாமே வந்து கூடும். பிறகு வலையிட்டு இழுப்பார்களாம். மீனை விரட்டிப் பிடிக்காமல், அது விரும்பும் நிழலைக் கொடுத்து வரவழைத்த அம்முறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் மனத்தையும் அவ்வாறே வரவழைக்க வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

நாம் செய்த பிழை

அடுத்த வீட்டார் கதையைச் சொல்லி அறிவுரை கூற நாம் வரவில்லை. நம் கதையையே சொல்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தீபாவளி விடுமுறையில் குடும்பத்துடன் பேருந்தில் துவாஸ் வழியே சென்றோம். நம் மகனுக்கு அப்போது மூன்று வயது. பாலத்தின் மேல் பேருந்து நின்றது, சிறிது நகர்ந்தது, மீண்டும் நின்றது. முதல் அரைமணி நேரம் மகன் சன்னல் வழியே கடலைப் பார்த்தான். பிறகு இருக்கையிலிருந்து நழுவினான். முன்னிருக்கையை உதைத்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தால் வேண்டாமென்றான். கைத்தொலைபேசியைக் கொடுத்தோம். சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் மின்கலம் தீர்ந்து அது அணைந்தது. அவன் அழத் தொடங்கினான். பேருந்தில் இருந்தோர் அனைவரும் நம்மையே பார்ப்பதாக நமக்குத் தோன்றியது. அந்த வெட்கத்தில் அவன் தொடையில் ஓங்கி அறைந்துவிட்டோம்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர் நாம்; குழந்தை உளவியல் படித்துத் தேறியவர். அந்தப் படிப்பு அவ்வேளையில் துணைக்கு வரவில்லை.

எதிர்ப்பக்க இருக்கையில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, பாலம் நகராததற்குப் பிள்ளை என்ன செய்யும்? இப்படிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். மகனைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முக்கோணமாக மடித்தார். இரு முனைகளையும் நடுவில் கொணர்ந்தார், கீழிருந்து சுருட்டினார், புரட்டிப் புரட்டி எடுத்தார். காதும் வாலும் உள்ள ஓர் எலி அவர் கையில் இருந்தது. அதை முன்கையில் கிடத்தி ஒரு கையால் தடவிக்கொடுத்தார். அதன் அடியில் மறைந்திருந்த விரல்களால் மெல்லச் சுண்டினார். எலி துள்ளி மகனின் மார்பில் விழுந்தது. கன்னத்தில் கண்ணீர் காயுமுன் அவன் சிரித்தான். "இன்னொரு தரம்" என்றான்.

சோதனைச்சாவடி வரும்வரை அந்த எலி எத்தனை முறை துள்ளியதோ, நாம் எண்ணவில்லை. அதன் விலை ஒன்றுமில்லை. நம் கையிலும் ஒரு துண்டு இருந்தது. அதை எலியாக்கத் தெரியாதது மட்டுமே நம் குறை.

அழுகைக்குக் காரணம்

சிறு பிள்ளைக்குக் கால அளவு தெரியாது. 'இன்னும் ஒரு மணி நேரம்' என்பது நமக்குப் பொருள் தரும் சொல்; மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வெறும் ஓசை. மேலும், ஓடுவதும் எடுப்பதும் போடுவதும் திறப்பதும் மூடுவதுமே அவ்வயதின் வேலை. அவ்வேலையைப் பறித்து இருக்கையில் கட்டி வைத்தால், மரம் வெட்டுபவரின் உளியைப் பறித்து ஒரு நாள் முழுதும் சும்மா உட்காரச் சொல்வது போலாகும். நமக்கே அது பொறுக்காது; பிள்ளை எவ்வாறு பொறுக்கும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை பார்ப்பது தக்கதன்று. இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதனினும் குறைந்தால் நன்று. ஒரே இடத்தில் கட்டுண்டு அசையாமல் இருப்பதும் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது. உட்கார்ந்திருக்கும் வேளையில் பெரியவர் கதை சொல்வதையும் புத்தகம் படித்துக் காட்டுவதையும் அவ்வழிகாட்டுதல் வரவேற்கிறது. கைத்தொலைபேசியைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அது கடைசித் துணையாக இருக்கட்டும். முதல் துணை நாமாக இருப்போம்.

வயதுக்கேற்ற பொருள்

முதலில் கைக்குழந்தை. உட்காரப் பழகிய, ஆனால் தவழாத குழந்தைக்காக இங்கிலாந்தைச் சேர்ந்த எலினோர் கோல்ட்ஷ்மீட் என்னும் கல்வியாளர் 'புதையல் கூடை' என்ற ஒரு முறையைப் பரப்பினார். மரக்கரண்டி, தூரிகை, உலோக மூடி, துணித் துண்டு எனப் பலவகை வீட்டுப் பொருள்களை ஒரு கூடையிலிட்டுக் குழந்தையின் முன் வைப்பதே அம்முறை. குழந்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவும். வாயில் வைத்துப் பார்க்கும். நம் அடுக்களையில் இவை எல்லாம் உள்ளன. நன்கு கழுவி, மூன்று நான்கை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டால் போதும். எதுவும் கையில் இல்லையெனில் குழந்தையின் உள்ளங்கையே விளையாட்டுக் களம். அதில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, நண்டு ஊர்வதுபோல் முழங்கை வரை விரல்களை நடத்திக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை நம் பாட்டிமார் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, ஒன்று முதல் மூன்று வயது வரை. இவ்வயதினருக்கு நுழைப்பதிலும் இழுப்பதிலும் அடங்காத ஆசை. காலியான பால்மாவு டின் ஒன்றை எடுத்து, விளிம்பு கையைக் கிழிக்காதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நெகிழி மூடியில் ஒரு துளை இடுங்கள். பல வண்ணப் பழந்துணிகளை ஒன்றோடொன்று முடிந்து உள்ளே வைத்து, ஒரு முனையை மட்டும் வெளியே விடுங்கள். பிள்ளை இழுக்க இழுக்கத் துணி வந்துகொண்டே இருக்கும். எல்லாம் வந்ததும் மீண்டும் திணிக்க வேண்டும். அது மற்றொரு வேலை. துண்டு எலியும் இவ்வயதினருக்கே மிகப் பொருந்தும்.

மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்குத் தீப்பெட்டிகளை ஒட்டி வரிசை வண்டி செய்து கொடுக்கலாம். காகிதக் கப்பல், காகிதப் பறவை செய்து காட்டலாம். பழைய காலுறையில் கண்ணும் வாயும் தைத்தால் கைப்பொம்மை ஆயிற்று. 'நீ எங்கே போகிறாய்?' என்று அந்தப் பொம்மை கேட்டால், நமக்குப் பதில் சொல்லாத பிள்ளையும் அதற்குப் பதில் சொல்லும். பாலத்தின் மேல் நிற்கும்போது வெளியில் பார்ப்பதற்கும் பஞ்சமில்லை. துவாஸ் வழியே சரக்கு வண்டிகள் ஓயாமல் செல்கின்றன. சிவப்பு வண்டி உனக்கு, நீல வண்டி எனக்கு என்று பங்கிட்டு எண்ணலாம். நிறமும் எண்ணும் விளையாட்டோடு விளையாட்டாகப் பதிந்துவிடும்.

பள்ளி செல்லும் அக்காள், அண்ணன்மாருக்கு ஐந்தாங்கல். மலாய் அன்பர்கள் இதனையே 'பத்து செரெம்பான்' என்பர். கல்லுக்கு மாறாகச் சிறு துணிப்பைகளில் அரிசியை இட்டுத் தைத்தால் ஓசை எழாது, மடியிலேயே ஆடலாம். நீண்ட நூலை இரு கைகளிலும் மாட்டி உருவங்கள் செய்யும் விளையாட்டும் இவர்களுக்கு ஏற்றது. மூத்த பிள்ளையிடம் "தம்பிக்கு நீதான் ஆசிரியர்" என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். இருவர் அழுகையும் ஒருங்கே நிற்கும்.

கொடுக்கும் முறை

பொருளைப் பார்க்கிலும் கொடுக்கும் முறையே முக்கியம். பைக்குள் இருப்பதை எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிடாதீர்கள். ஒன்றைக் கொடுங்கள்; சலிப்புத் தோன்றியதும் அதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுங்கள். சிறந்ததைப் பாலத்துக்கென்று மறைத்து வையுங்கள். திரும்பும் வழிக்கும் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். களைப்பு மிகுவது அப்போதுதான். பேருந்திலிருந்து இறங்கிக் குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது கையில் பொருள் இருப்பின் தொலைந்துபோகும். அங்கே கதையும் விடுகதையும் விரல் விளையாட்டுமே தக்கவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் சில நிமிடங்கள் நீங்களும் உடன் விளையாடுங்கள். டின்னைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் பிள்ளை அதைத் தூக்கி எறியும். நீங்கள் முதல் துணியை இழுத்து வியந்தால், அதுவும் இழுத்து வியக்கும். அதன்பின் சிறிது நேரம் தானே விளையாடும். இது தாயின் வேலை மட்டுமன்று. தந்தைமாருக்கும் கைகள் இருக்கின்றன. அடிக்க ஓங்கிய கையால் எலியும் செய்யலாம் என்பதைப் பட்டறிந்தே சொல்கிறோம்.

காக்க வேண்டியவை

விளையாட்டுப் பொருளே வினையாகிவிடலாகாது. மூன்று வயது நிறையாத பிள்ளையின் கையில் சிறு பொருள்களைக் கொடாதீர்கள். துடைதாள் சுருளின் நடுவிலுள்ள அட்டைக் குழாய்க்குள் எந்தப் பொருள் நுழைகிறதோ, அது பிள்ளையின் தொண்டையையும் அடைக்கக்கூடும் என்று கொள்க. பொத்தான், கோலிக்குண்டு, நாணயம், ரப்பர் வளையம் எல்லாம் இக்கணக்கில் அடங்கும்.

நம் தோட்டத்தில் எங்கும் கிடைப்பது ரப்பர்க் கொட்டை. சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்து விளையாடியவர்களே நாம் அனைவரும். ஆயினும் பச்சைக் கொட்டையின் பருப்பில் நஞ்சுண்டு. தொண்டையில் சிக்கும் அளவும் உடையது. பெரிய பிள்ளைகள் முற்றத்தில் பல்லாங்குழி ஆடட்டும். சிறியவர் வாய்க்கு எட்டலாகாது. கறுப்புப் புள்ளியுள்ள குன்றிமணியோ கொடிய நஞ்சு. அதனால் கிலுகிலுப்பை செய்யவே வேண்டா. மேலும், விதை, செடி, பச்சை ஓலை முதலியவற்றை எல்லை கடந்து கொண்டுசெல்வதற்கு விதிகள் உண்டு. ஓலைக் காற்றாடியை வீட்டில் ஆடிவிட்டு, பயணத்துக்குக் காகிதத்தில் செய்துகொள்ளுங்கள். அழுகையை நிறுத்தச் சூயிங்கம் வாங்கிப் பையில் வைக்காதீர்கள். 1992-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுசெல்லத் தடை உண்டு. துப்பாக்கி போன்ற பொம்மையும் சோதனைச்சாவடியில் வீண் தொல்லை.

சொந்த வண்டியில் செல்வோருக்கு ஒரு சொல். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் குழந்தை இருக்கை சட்டமாகியுள்ளது. சிங்கப்பூரிலும் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளோர் அதற்குரிய இருக்கையில் அமர்ந்து வாரிட்டுக்கொள்ள வேண்டும். அழுகிறது என்பதற்காக ஓடும் வண்டியில் வாரை அவிழ்த்து மடியில் எடுக்கலாகாது. வாரை அவிழ்க்காமல் விளையாடக்கூடியதே நல்ல பயணப் பொம்மை. நூலும் கயிறும் நீளமாயின் கழுத்தில் சுற்றும். பெரியவர் கண் எப்போதும் அதன்மேல் இருக்கட்டும்.

தாழ்வெண்ணம் வேண்டா

உங்களுள் சிலர், "நகரத்து உறவினர் பிள்ளைகள் விலையுயர்ந்த பொம்மைகளோடு விளையாடுகையில், எங்கள் பிள்ளை பழந்துணியோடு செல்வதா?" என்று எண்ணக்கூடும். இந்தியாவில் அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். 1970-களின் இறுதியில், மத்தியப் பிரதேசத்தின் அந்நாளைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் பங்கேற்றவர். அங்குக் கிடைத்த மிதிவண்டி வால்வின் ரப்பர்க் குழாயையும் தீக்குச்சிகளையும் கொண்டு முக்கோணம், சதுரம், வீடு எனப் பல உருவங்கள் செய்ய வழி கண்டார். குப்பையில் எறியும் பொருள்களால் அவர் வகுத்த பொம்மைகள் பல மொழிகளில் பரவின. 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஒரு துண்டு ரப்பர்க் குழாய்க்கு அத்துணைப் பெருமை கிடைக்குமாயின், ரப்பரை விளைவிக்கும் நாம் ஏன் நாண வேண்டும்?

நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை 'ரஜூலா' கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி வந்தது. கைக்குழந்தைகளோடு நாள்கணக்கில் கடலில் வந்த தாய்மார் பலர். அவர்கள் கையில் பொம்மைக் கடை இல்லை. முந்தானையும் கதையும் இருந்தன. அந்தக் கைத்திறன் ஒரு தலைமுறை கற்றுக்கொடுக்காமல் விட்டால் மறைந்துவிடும். ஆகவே இன்றிரவே வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ, "நீங்கள் சிறு வயதில் எதைக் கொண்டு விளையாடினீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பயணப் பையில் இடவேண்டியது என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அன்று பேருந்தில் அழுத நம் மகன் இன்று இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான். நாம் அடித்தது அவனுக்கு நினைவில்லையாம், நமக்கு நினைவிருக்கிறது. துண்டு எலி செய்ய அவனுக்குத் தெரியும். சென்ற விடுமுறையில் அதே பாலத்தின் மேல், தன் சித்தப்பா மகளுக்கு அதைச் செய்து காட்டினான். வண்டிகள் அன்றும் நகரவில்லை. ஆனால் யாரும் அழவில்லை.

உங்கள் பயணமும் அவ்வாறே இனிதாக அமையுமாறு வாழ்த்தி விடைபெறுகிறோம்.